சத்தம் வராத கப்பல்கள்

“சத்தம் வரல, தம்பி” என்றாள் அமலி.

பீர்முகமது நிமிர்ந்து பார்க்கவில்லை. தூரிகையால் ஒரு சர்க்யூட் பலகையின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

“படம் வருதா?”

“அதும் வரல.”

“அப்ப ஏன் சத்தத்த மட்டும் சொல்றீங்க?”



தூத்துக்குடி மட்டக்கடைப் பக்கம், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்தது அவன் அறை. எடைமேடைக்காரர்கள், அச்சகக்காரர்கள், பரிசோதனைக்கூடத்தார் என்று பழைய கம்ப்யூட்டரை விட்டால் வேறெதிலும் ஓடாத இயந்திரங்களை வைத்திருப்பவர்கள் அவனைத்தான் தேடி வருவார்கள். வயது முப்பத்துநாலு. அமலிக்கு அவனைவிடப் பதினேழு வயது கூட.

அவள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்த பெட்டியும் பெரிய திரையும் ஸ்பீக்கரும் அவள் கணவர் ராயப்பனுடையவை. எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் இறந்துபோனார்.

ஒரு கப்பல் ஏஜென்சியில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் அது. வாங்கிவந்த நாளிலிருந்து அவர் அதில் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். திரை முழுக்கக் கடல். சின்னச் சின்னக் கப்பல்கள். ஒரு துறைமுகத்தில் சரக்கை ஏற்றி இன்னொன்றில் இறக்க வேண்டும். கப்பல் கரை சேர்ந்தால் மணி அடிக்கும். பின்னால் ஒரு மெட்டு, முடிந்த இடத்திலிருந்தே மறுபடி தொடங்கும்.

அமலி அந்த மெட்டை முணுமுணுத்துக் காட்டினாள். பிள்ளைகள் இல்லாத வீடு என்றும், அலுவலகம் விட்டுத் தான் உள்ளே நுழையும்போதெல்லாம் அந்தச் சத்தம்தான் முதலில் வரவேற்கும் என்றும் சொன்னாள். இப்போது செய்தி சேனலைப் போட்டுவிட்டுத்தான் சமையலறைக்குப் போகிறாளாம். யாரோ பேசிக்கொண்டிருக்க வேண்டுமே.

“அது நின்னதுலேர்ந்து வீடு வீடாவே இல்ல தம்பி. எனக்கு ஆடத் தெரியாது. சத்தம் மட்டும் கேட்டாப் போதும்.”

அவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவள் பக்கம் நீட்டினான்.

“நான் எதுக்கு?”

“வீட்டுல யாரு இருக்கா?”

“நான்தான்.”

“அப்ப நீங்கதான்.”

அவள் வாங்கிக்கொண்டாள்.

முதலில் சுவிட்சைப் போடச் சொன்னான். திரை இருட்டாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து என்னவோ கூவியது. அமலி பயந்துபோய் சுவிட்சை அணைத்தாள். வீட்டிலும் இப்படித்தான் கத்துகிறது என்றாள்.

“எத்தன தடவ கத்துச்சு?”

அவள் எண்ணவில்லை.

மறுபடி போடச் சொன்னான். ஒரு நீளக் கூவல், இரண்டு குட்டைக் கூவல். படத்துக்கான அட்டை சரியாக உட்காரவில்லை என்பதை இந்தப் பெட்டி அப்படித்தான் சொல்லும் என்றான்.

எட்டு மாதமாக அது சொல்லிக்கொண்டிருந்தது. எட்டு மாதமாக அவள் அணைத்துக்கொண்டிருந்தாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் நாற்காலி போட இடம் வேண்டுமென்று அந்த மேசையை மூலைக்கு இழுத்துப் போட்டது அவள் ஞாபகத்துக்கு வந்தது. அப்போது அசைந்திருக்க வேண்டும்.

மூடியைக் கழற்றினாள். அட்டையை உருவி, அதன் பொன்னிற விளிம்பைப் பள்ளிப்பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்துத் துடைத்து, திரும்ப அழுத்தினாள். சுவிட்சைப் போட்டதும் எழுத்துகள் வந்தன.

அன்றைக்கு அவ்வளவுதான் என்றான். பெட்டி அங்கேயே இருந்தது. அடுத்த சனிக்கிழமை மதியம் வரச் சொன்னான்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தைத் திறந்தார்கள். கப்பல்கள் வந்தன. அமலிக்குக் கண் கலங்கிவிட்டது. படம் வந்துவிட்டது, இனிச் சத்தத்தைப் பார்க்கலாம் என்றாள்.

“கடல் இந்த நிறத்துலயா இருந்துச்சு?”

அப்போதுதான் பார்த்தாள். கடல் கருப்பாகக் கிடந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய எழுத்தெல்லாம் மஞ்சள்.

அதனால் என்ன, தனக்கு வேண்டியது சத்தம்தானே என்றாள். அவன் வாதாடவில்லை. திரும்பி உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்தான்.

ஒரு மணி நேரம் அவள் அந்தக் கருப்புக் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு திரையின் கேபிளைக் கழற்றி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, அதன் முனையில் வரிசையாக இருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்று மட்டும் மடங்கிக் கிடந்தது. கேட்காமலே மேசையிலிருந்த இடுக்கியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினாள்.

கடலுக்கு நீலம் வந்தது.

“ம்” என்றான் பீர்முகமது.

அந்த ஒரு எழுத்துக்காக அவள் வாரம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள். அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே சனிக்கிழமையை எண்ணிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனால் சொல்ல ஆளில்லை. செய்தி வாசிப்பவளிடம் ஒருநாள், “கடல் சரியாயிட்டு” என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

மூன்றாவது சனிக்கிழமை பொறுமை இழந்தாள். அவன் டீ குடிக்கக் கீழே போன நேரத்தில் ஸ்பீக்கரை மாற்றி, வயரை மாற்றி, சவுண்டு கார்டையும் கழற்றி அலமாரியிலிருந்த வேறொன்றைச் செருகிவிட்டாள். சத்தம் வரவில்லை.

திரும்பி வந்தவன் மூன்றையும் பழையபடி மாட்டினான். ஒரு வார்த்தை திட்டவில்லை.

“ஒவ்வொண்ணா மாத்துங்கக்கா.”

“எதுக்கு இவ்வளவு நேரத்த இழுக்கணும்?”

“மொத்தமா மாத்தினா, எது கெட்டு எது நல்லாருக்குன்னு கடைசிவரைக்கும் தெரியாது.”

ஐம்பத்தோரு வயதில் இதையெல்லாம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று கோபமாகப் படியிறங்கினாள். இனி வரப்போவதில்லை என்று முடிவு செய்தாள். அடுத்த சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கெல்லாம் வந்து, அவன் கதவைத் திறக்கும்வரை மருந்துக்கடை வாசலில் நின்றாள்.

அன்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஸ்பீக்கரின் சத்தத் திருகை முழுசாகத் திருகி, தன் செல்போனில் மாட்டினாள். பாடியது. ஸ்பீக்கர் நல்லது. பெட்டியின் பின்னால் ஒரே மாதிரி மூன்று துளைகள். எது ஸ்பீக்கருக்கு என்று பார்த்துச் செருகினாள். கார்டைச் சோதிக்கும் நிரலை ஓட்டினாள். இடது ஸ்பீக்கர் கூவியது, வலது ஸ்பீக்கர் கூவியது. அதுவும் நல்லது.

ஆட்டத்தைத் திறந்தாள்.

கப்பல் ஒன்று நீலக் கடலில் நகர்ந்து வந்து துறையில் சேர்ந்தது. மணி அடிக்கவில்லை.

“எல்லாம் நல்லாத்தான இருக்கு” என்றாள். “பெறகு ஏன் கேக்கல?”

நாலு வாரத்தில் முதல் முறையாக அவன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். ஆட்டத்தை மூடினான். வேறொரு பக்கத்தைத் திறந்து பார்த்தான்.

“இது கெடலக்கா. நிறுத்தி வச்சிருக்கு.”

திரையில் இரண்டு வரிகள் இருந்தன. இசை, இல்லை. ஒலி, இல்லை.

“நான் தொடவே இல்லையே.”

“நீங்க இல்ல.”

அவன் ஒரு கட்டளையைத் தட்டினான். கோப்புகளின் பெயர்களும், அவை கடைசியாக எழுதப்பட்ட தேதிகளும் வரிசையாக வந்தன. அந்த இரண்டு வரிகளும் இருந்த கோப்பை விரலால் காட்டினான். 2012, ஆகஸ்ட் 6.

அதற்குக் கீழே, ராயப்பன் ஆடி முடித்துச் சேமித்துவைத்த ஆட்டங்கள். அமலி கோப்பு படித்துப் பழகியவள். அவள் கண் தேதிகளின் மேல் இறங்கிப் போனது. 2012 செப்டம்பர். அக்டோபர். 2013. 2015இல் நிறைய. 2018. ஊரடங்கு வருஷத்தில் அநேகமாகத் தினமும். 2023. கடைசித் தேதி, அவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு ஒன்பது நாள் முன்னால்.

2012 ஆகஸ்டில் அவள் துறைத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

நடு அறையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பரீட்சை முடிகிற வரைக்கும் அந்த மணிச்சத்தம் வேண்டாம் என்று அங்கிருந்தே சொன்னாள். சரி என்றார் அவர். அன்றைக்கே நிறுத்தியிருக்கிறார். இரண்டு மாதத்தில் பரீட்சை முடிந்தது. தேறினாள். பதவி உயர்வு வந்தது. அலுவலகம் முழுக்க மக்ரூன் வாங்கிக் கொடுத்தாள். வீட்டில் மட்டும், இனிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ சாயங்காலம் அவர் முதுகுக்குப் பின்னால் போய் டீயை வைத்துவிட்டு வந்திருக்கிறாள். திரையில் கப்பல்கள் சத்தமில்லாமல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். எங்கள் வீட்டில் எந்நேரமும் மணிச்சத்தம்தான் என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டும் இருந்திருக்கிறாள்.

கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது கேட்டது.

“பதினோரு வருஷம்” என்றாள் அமலி.

அவள் விரல் கடைசித் தேதியைத் தொட்டது.

“ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

“இதுல தேதி மட்டும்தான் இருக்குக்கா.”

அவன் கீபோர்டைத் திரும்ப அவள் பக்கம் நகர்த்தினான். எங்கே, எதை அழுத்த வேண்டும் என்று அவள் கேட்டாள். சொன்னான். முதல் வரியை மாற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவதையும் மாற்றினாள். ஆட்டத்தைத் திறந்தாள்.

சோதனைக்காக முழுசாகத் திருகிய ஸ்பீக்கர் அப்படியே இருந்தது. மெட்டு அறையை நிறைத்தது. அவள் முணுமுணுத்துக் காட்டியதைவிட மெதுவாக இருந்தது. இரண்டு இடங்களில் அவள் தப்பாகவே வைத்திருந்தாள். ஒரு கப்பல் கரை சேர்ந்தது. மணி அடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழேயிருந்து மருந்துக்கடைக்காரர், என்ன பாய் சத்தம் என்று கேட்டார்.

பீர்முகமது ஸ்பீக்கரின் திருகில் கை வைத்தான்.

“குறைக்கட்டுமா?”

“வேண்டாம்” என்றாள் அமலி. “இருக்கட்டும்.”