அரக்குப் பட்டின் கிழிசல்

கும்பகோணத்தில் கல்யாணப் பெண்களுக்குப் பட்டுப் புடவை கட்டிவிடுவது தையல்நாயகியின் தொழில். அவளிடம் அந்தத் தொழிலைக் கற்க வந்த அஞ்சுகம், அவளைவிட ஒரு மாமாங்கம் மூத்தவள். ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் காலமெல்லாம் நின்றவள். ஓர் இழை விலகியிருந்தாலும் அவள் கண் கண்டுபிடித்துவிடும். கண் கண்டதை வாய் உடனே சொல்லிவிடும் என்பதுதான் சங்கடம்.

"குருவம்மா, பழைய பட்டுல குறை இருந்தா எப்படி மறைக்கிறது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அப்படி ஒண்ணு வரட்டும் அக்கா, காட்டுறேன்."

ஐப்பசியில், ஒரு நிச்சயதார்த்தத்தில் வந்தது.

அம்மாவின் முகூர்த்தப் பட்டைத்தான் கட்டுவேன் என்று பெண் பிடிவாதமாக இருந்தாள். அரக்கு நிறம், மாங்காய் போட்ட ஜரிகைக் கரை. அம்மா கமலவேணி அதை இரண்டு கையாலும் ஏந்திவந்து கொடுத்தாள். அறையில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பூ கட்டியபடி உட்கார்ந்திருந்தார்கள்.

அஞ்சுகம் புடவையைப் பிரித்தாள். மடிப்புக் கோட்டிலேயே பட்டு ஒரு சாண் நீளத்துக்கு விட்டுப்போயிருந்தது.

"ஐயோ, என்னம்மா இது! பட்டை இப்படியா வெச்சுக்குவாங்க? அப்பப்போ பிரிச்சு, மடிப்பை மாத்தி வெக்க வேணாமா? அந்துருண்டையை மேலேயே போட்டு ஜரிகை வேற கறுத்துக் கிடக்கு."

பூ கட்டிய கைகள் நின்றன. மாப்பிள்ளையின் அத்தை எழுந்துவந்து குனிந்து பார்த்தாள்.

கமலவேணி தன் நூல்சேலையின் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இவ அப்பா போனப்புறம் அதைப் பிரிச்சுப் பாக்க மனசு வரலைங்க" என்றாள். பிறகு, "பந்தியைப் பாக்கிறேன்" என்று வெளியே போய்விட்டாள்.

பெண் தலை நிமிரவில்லை. அஞ்சுகத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

தையல்நாயகி புடவையை வாங்கினாள். கறுத்த கரையை இடுப்பின் உள்சுற்றுக்குக் கொண்டுபோனாள். கொசுவம் வைத்தாள், பிரித்தாள், மறுபடி வைத்தாள். தோளில் பட்டு நைந்திருந்த இடத்தில் ஊசி குத்தாமல், தள்ளி, அடியில் ஒரு துண்டுத் துணி கொடுத்துக் குத்தினாள். பெண் எழுந்து நின்றபோது அந்த அரக்கு நிறம் அறையையே நிறைத்தது.

"அம்மாவைக் கூப்பிடுங்க. முந்தானையை அவங்க சரிபண்ணட்டும்" என்றாள் தையல்நாயகி.

கமலவேணி வாசற்படி வரை வந்தாள். உள்ளே இருந்தவர்களைப் பார்த்தாள். "இருக்கட்டும்மா, நீங்களே பண்ணிடுங்க" என்று அங்கேயே நின்றுகொண்டாள்.

தட்டு மாற்றும்போது சபையில் எல்லோரும் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை மட்டும் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். பிறகு அவளும் புடவையைப் பார்த்தாள். பெண் ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்தபடியே நின்றாள்.

அஞ்சுகம் சாப்பிடவில்லை. கமலவேணியைத் தேடிப் போனாள். அவள் சமையற்கட்டுப் பக்கம் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தப்பாப் பேசிட்டேன்மா. மன்னிச்சுக்குங்க."

"நீங்க சொன்னது சரிதானேம்மா. நான்தான் பாத்து வெச்சுக்கல."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

தையல்நாயகி ஊசிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். அஞ்சுகம் அவளருகே உட்கார்ந்தாள். தெரிந்த தொழிலைத்தான் பேசினாள்.

"அந்த அத்தை உத்து உத்துப் பாத்தாங்க. அவங்க கண்ணுக்கே கிழிசல் படல. எங்கே வெச்சீங்க குருவம்மா?"

"கொசுவத்துக்குள்ள."

"உள்ளேதான் இருக்கே, அப்புறமும் ஏன் தேடுறாங்க?"

தையல்நாயகி பெட்டியை மூடினாள்.

"கிழிசலைக் கொசுவத்துக்குள்ள வெச்சுட்டேன். நீங்க சொன்னதை எங்கே வைக்கிறது, அக்கா?"