ஒரு கொத்து, ஒரு எட்டு

ஒரு காட்டில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் அடைமழை. காட்டாறு கரைபுரண்டு ஓடியது. தண்ணீர் செக்கச் செவேலென்று கலங்கிக் கிடந்ததால், மீன் பிடித்துத் தின்னும் பறவைகளுக்கு ஒரு செதில்கூடக் கண்ணில் படவில்லை.

நான்காம் நாள் மழை விட்டது. வெள்ளம் மட்டும் வடியவில்லை. நடு ஆற்று இழுப்பில் மீன்களாலேயே நிற்க முடியாது. அதனால் அவை கரையோரமாக வந்து, விழுந்து கிடந்த ஒரு மருத மரத்தின் பின்னால் ஒதுங்கின. அங்கேதான் தண்ணீர் கொஞ்சம் அடங்கி நின்றது. அந்த இடம் மொத்தம் பத்தடி நீளம்கூட இராது.

வெள்ளக் காலத்துக்கென்று அந்தப் பறவைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. எல்லாம் வரிசையில் நிற்கும். முதலில் நிற்பது மேல்முனையில் இறங்கி ஒரு கொத்து கொத்தும். மீன் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, ஒரு எட்டு கீழே நகர்ந்து அடுத்ததற்கு இடம் விடும். அப்படியே கொத்திக் கொத்தி நகர்ந்து கீழ்முனைக்குப் போனதும், பறந்து வந்து வரிசையின் கடைசியில் சேர்ந்துகொள்ளும். அந்த வழக்கத்தால் எந்த வெள்ளத்திலும் ஒரு பறவையும் பட்டினியால் சாகவில்லை.

அன்று மீன்கொத்தி மரத்தண்டில் தத்தித் தத்தி ஒரு எட்டு நகர்ந்துவிட்டது. அடுத்த முறை கொக்குக்கு. அதன் கூட்டில் இரண்டு குஞ்சுகள். மூன்று நாளாக அவற்றின் வாயில் ஒன்றும் விழவில்லை. காலையில் பெரியது கத்தியது. சின்னதற்குக் கத்தவும் தெம்பில்லை.

கொக்கு தண்ணீரில் இறங்கியது. ஒரு கெண்டை அதன் காலடியிலேயே வந்து நின்றது. கொக்கு கழுத்தை மெல்ல வளைத்தது.

தொப்பென்று ஒரு நாரை அதன் முன்னால் வந்து குதித்தது. கெண்டை போன இடம் தெரியவில்லை.

பிள்ளைகளே, அந்த நாரையை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கோ ஏரிக்கரையில் வளர்ந்தது அது. ஆற்றைப் பற்றி அதற்கு ஒரு மண்ணும் தெரியாது. வந்த இடத்தில் நாலு பேர் நிற்கிறார்களே, என்ன ஏது என்று கேட்க வேண்டாமா?

கொக்கு பொறுமையாகச் சொன்னது: "அண்ணே, இங்கே வரிசை இருக்கிறது."

"ஆறு உன் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றது நாரை.

அது ஒரு கொத்தோடு நகரவும் இல்லை. ஒன்பது கொத்து கொத்தியது, ஒன்பதும் தப்பியது. கீழே மீன்கொத்தி ஒரு பொடிமீன் பிடித்ததைப் பார்த்ததும் குடுகுடுவென்று அங்கே ஓடி, மீன்கொத்தியை இறக்கையால் தள்ளிவிட்டு நின்றுகொண்டது. மேல்முனையில் கொக்கு மறுபடி கழுத்தை வளைத்தால், உடனே இங்கே ஓடி வந்தது. யாருடைய அலகு அசைந்தாலும் அங்கே நாரையின் கால் இருந்தது. மிதித்த மிதியில் இருந்த மீன்களும் மரத்தடியில் போய் ஒளிந்துகொண்டன.

"விடு அக்கா," என்று மீன்கொத்தி முணுமுணுத்தது. "அதன் அலகைப் பார். நமக்கேன் வம்பு?"

இப்படி ஆளுக்கு ஆள் 'நமக்கேன்' என்று சொல்வதால்தானே இந்த மாதிரி ஆட்கள் கொழுக்கிறார்கள்!

கொக்கு விடவில்லை. நாரையின் முகத்துக்கு நேரே போய் நின்றது. "என் சின்னக் குஞ்சு இன்று இரை கிடைக்காவிட்டால் பிழைக்காது. ஒரே ஒரு முறை விலகி நில்லுங்கள்."

"குஞ்சு பொரித்தது நீ. அதற்கு நான் என்ன செய்ய?" என்றது நாரை.

வரிசையில் கொக்குக்குப் பின்னால் நீர்க்காகம் நின்றிருந்தது. வெள்ளத்திலும் முங்கி நீந்தக்கூடியது அது. இந்தப் பதிலைக் கேட்டதும் அதற்குப் பொறுக்கவில்லை. சத்தம் போடாமல் மரத்தடியில் முங்கி, ஒளிந்திருந்த ஒரு கெளுத்தியைக் கவ்வியது. அங்கே எழாமல் அடியிலேயே நீந்திப்போய், நடு ஆற்றில் தலையை நீட்டியது. வாயில் கெளுத்தி துடித்தது. மறுபடி முங்கி, மறுபடி எழுந்தது. வாயில் இருந்தது அதே கெளுத்திதான்.

நாரை அதை இரண்டு மீன் என்று எண்ணிக்கொண்டது. ஏரியில் பெரிய மீன் நடுவில்தானே கிடக்கும். "ஓகோ, இதை மறைக்கத்தான் என்னைக் கரையோரம் வைத்துக்கொண்டு நாடகம் போட்டீர்களா?" என்று கத்தியது.

"அண்ணே, போகாதீர்கள். நடுவில் இழுப்பு அதிகம்," என்றது கொக்கு.

"எல்லாவற்றையும் நான் தின்றுவிடுவேன் என்று பயமா?"

நாரை நடு ஆற்றை நோக்கி நடந்தது. இரண்டாவது எட்டில் தண்ணீர் தொடைக்கு வந்தது. மூன்றாவது எட்டில் காலடிக் கூழாங்கல் சரிந்தது. நாரை குப்புற விழுந்தது. இறக்கை இரண்டும் நனைந்து ஊறிப்போக, வெள்ளம் அதை உருட்டிக்கொண்டு போனது.

கரையில் கலக்கம் அடங்கியது. மீன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கொக்கு தன் முறையில் ஒரு கொத்து கொத்தியது. கிடைத்த கெண்டையோடு நேரே கூட்டுக்குப் பறந்து, சின்னக் குஞ்சின் வாயைத் தானே பிளந்து ஊட்டியது. குஞ்சு விழுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து 'கீச்' என்றது. கொக்கு உடனே திரும்பிப் பறந்து வரிசையின் கடைசியில் நின்றது. பெரிய குஞ்சு காத்திருந்ததே.

பொழுது சாயும் வேளையில் நாரை நொண்டிக்கொண்டே கரையோரமாக நடந்து வந்தது. ஒரு முள் புதரில் மாட்டித்தான் உயிர் தப்பியிருந்தது. இறக்கைகள் தரையில் இழுபட்டன. வந்ததும் வராததுமாக மறுபடி மேல்முனைக்கே போனது.

இம்முறை மீன்கொத்தி குறுக்கே வந்து நின்றது. நீர்க்காகமும் வந்தது. இரண்டு குஞ்சுகளுக்கும் ஊட்டிவிட்டுத் தன் வயிற்றுக்காக வரிசையில் நின்றிருந்த கொக்கும் வந்தது.

"எனக்குப் பசிக்கிறது," என்றது நாரை.

"தெரியும்," என்றது கொக்கு. "எங்களுக்கும் மூன்று நாளாகத் தெரியும். வரிசையின் கடைசி அதோ, அந்தப் பாறை. போய் நில்லுங்கள்."

நாரை போய் நின்றது. அதன் முறை வரும் முன்னே இருட்டிவிட்டது.

நீதி: அடுத்தவர் முறையைப் பறிக்கிறவன் தன் முறையையும் இழப்பான்.