எல்லாரும் நலம் என்று வந்த ஓலை

இது எந்தக் காலத்துக் கதை என்று மட்டும் கேட்காதீர்கள். அரண்மனையும் இருந்தது, கைபேசியும் இருந்தது, அவ்வளவுதான். மணிமுடி மாறன் என்ற அரசரின் சபையில் ஒரு நாள் அமைச்சர் வழுதிராயர் ஓர் ஓலையை நீட்டினார். முகமெல்லாம் பல்.

"அரசே! மனம் நொந்து கிடந்த குடிகள் பத்தாயிரம் பேரையும் வீடியோவில் அழைத்து விசாரித்தாயிற்று. பத்தாயிரம் பேரும் நலம்! இனி மனநல வைத்தியர் செண்பகவல்லி மாட்டு வண்டியில் ஊர் ஊராக அலைய வேண்டாம். வண்டியை நிறுத்திவிடலாம்."

"துன்பமே இல்லாத நாடா? நம் நாடா?" அரசருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சபையின் விகடகவி இளங்கூத்தனுக்கோ அந்த ஓலையில் துளியும் நம்பிக்கை இல்லை. அவன் தங்கை முத்தரசியும் அந்தப் பத்தாயிரத்தில் ஒருத்தி. பிள்ளை பெற்றதிலிருந்து சோறும் பேச்சும் விட்டுப்போனவள். செண்பகவல்லி நாலு மாதம் விடாமல் வண்டியில் வந்து பேசியதில், போன மாதம்தான் அவள் வாயைத் திறந்தாள். வண்டி நின்றால் அவள் கதி? "நலம்" என்று சொன்னது அவளல்ல, கைபேசியைப் பிடித்திருந்த மாமியார் என்பது அவனுக்குத் தெரியும். அதைச் சொன்னால் அமைச்சர் அந்த மாமியாரையே சாட்சிக்கு அழைப்பார் என்பதும் தெரியும்.

"அற்புதம் அரசே," என்றான். "தாங்களும் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வீடியோவில் ஒருமுறை பேசித்தான் பாருங்களேன்."

அரசர் சம்மதித்தார். கைபேசியைப் பிடித்துக்கொண்டவர் வழுதிராயர். பக்கத்தில் அரசி, அரசியின் அண்ணனான தளபதி, போதாக்குறைக்கு விசிறி வீச இரண்டு பேர். திரையில் செண்பகவல்லி தெரிந்தார்.

"அரசே, மனத்தில் என்ன வருத்தம்?"

"அரசருக்கு என்னம்மா வருத்தம்? ராஜா மாதிரி இருக்கிறார்!" என்றார் அமைச்சர்.

"சாப்பாடு இறங்குகிறதா?"

"நேற்றுகூட ரெண்டு லட்டு சாப்பிட்டாரே!" என்றாள் அரசி.

"யாரையாவது நினைத்தால் பயமாக இருக்கிறதா?"

அரசர் தளபதியைப் பார்த்தார். அமைச்சரைப் பார்த்தார். "ஒன்றுமில்லையம்மா," என்றார்.

"எழுதிக்கொள்ளுங்கள், அரசர் நலம்!" என்று இளங்கூத்தன் உரக்கச் சொன்னான். "நலமானவருக்கு வைத்தியம் எதற்கு? அழைப்பைத் துண்டித்துவிடலாம்."

அரசரின் முகம் கறுத்தது. வெடுக்கென்று கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார். எந்த அறைக்குள் போனாலும் பின்னாலேயே நாலு பேர். கடைசியில் குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது. "பசிக்கிறது," என்றார். பிறகு, "நல்ல யந்திரம்தான், இளங்கூத்தா!"

"யந்திரத்தில் ஒரு குறையும் இல்லை அரசே. நாடாளும் தங்களுக்கே மனம்விட்டுப் பேசக் குளியலறைதான் கிடைத்தது. என் தங்கை வீட்டில் அதற்கும் கதவில்லை. சாக்குப் படுதாதான்."

அரசர் ஓலையை வாங்கி இரண்டாகக் கிழித்தார். "கைபேசி யார் கையில் இருந்ததோ அவர்கள் நலம். இதில் வேறென்ன இருக்கிறது? கதவுள்ள வீட்டில் கைபேசியை நோயாளி கையிலேயே கொடுங்கள். கதவில்லாத வீட்டுக்கு வண்டி போகட்டும்."

வழுதிராயர் விடுவதாக இல்லை. "வண்டி போனாலும் மாமியார் பக்கத்தில் வந்து நிற்பாரே அரசே! அவருக்கு யார் பதில் சொல்வது?"

"அதற்கு ஆளா இல்லை?" என்றான் இளங்கூத்தன். "அடுத்தவருக்காகப் பதில் சொல்வதில் அமைச்சரை மிஞ்ச யார் உண்டு? செண்பகவல்லி உள்ளே என் தங்கையோடு பேசி முடிக்கும் வரை, இவர் வெளியே அவள் மாமியாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கட்டும்!"

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி இளங்கூத்தனுக்குப் போட்டுவிட்டு, "வண்டியைக் கட்டுங்கள், அமைச்சர் கிளம்புகிறார்!" என்றார்.