பீரோவில் வைத்த விளையாட்டு

கோவில்பட்டிச் சங்கிலிமுத்துவுக்கு முப்பத்தொரு வயதில் முதல் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. சென்னையிலிருந்து மேலாளர் போனில் இரண்டே நிபந்தனை சொன்னார். லேப்டாப்பை அவனே வாங்கிக்கொள்ள வேண்டும். வேலை நேரத்தில் அதில் விளையாட்டு என்ற பேச்சே இருக்கக் கூடாது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மீட்டிங். தவறினால் வேலை அடுத்த ஆளுக்கு.

பயந்துபோன சங்கிலிமுத்து, அறிவுக்குப் பேர்போன கூட்டாளிகள் அடைக்கலத்தையும் பூமிராஜையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனான். அந்தப் பேரை அவர்களுக்கு யார் கொடுத்தது என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

"வேலைக்குத்தாண்ணே. எப்பவாவது ஒரு கேம் ஆடுவேன்," என்றான் சங்கிலிமுத்து கடைக்காரரிடம்.

"அப்ப பதினாறு ஜிபி ராம், ஐந்நூத்திப் பன்னெண்டு ஜிபி எஸ்எஸ்டி, கூட ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. கார்டு இருந்தாத்தான் கேம் நல்லா ஓடும்," என்றார் கடைக்காரர்.

அடைக்கலம் யோசித்தான். "எப்பவாவது ஆடுறதுக்கு எதுக்கு விலைக்கு வாங்கணும்? விசேஷத்துக்கு அண்டா எடுக்கிற மாதிரி, கார்டை மட்டும் வாடகைக்குக் குடுங்கண்ணே. ஆடி முடிச்சதும் நல்லா வெளக்கிக் கொண்டாந்து தந்துருதோம்."

கடைக்காரர் தண்ணீர் குடித்தார். கார்டு உள்ளேயே இருக்கும், தனியாகத் தர முடியாது என்றார். வேறு வழியில்லாமல் முழுசாக வாங்கி வந்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே சங்கிலிமுத்து கூட்டாளிகளை வீட்டுக்கு வரவழைத்தான். "ஏலே, விளையாட்டுச் சாமான் உள்ளயே இருக்கே! மேலாளர் கண்டுபிடிச்சா?"

"கழட்டிப் பீரோவுல வச்சிருவோம், பட்டு வேட்டி மாதிரி. நல்ல நாளுக்கு எடுத்துக்கிடலாம்," என்றான் பூமிராஜ்.

லேப்டாப்பைத் திருப்புளியால் திறந்தார்கள். எது வேலை, எது விளையாட்டு?

"இந்த ஃபேனைப் பாரு. சுத்திக்கிட்டே இருக்கிறவன் என்னைக்குலே வேலை பாத்திருக்கான்?" என்றான் அடைக்கலம். ஃபேன் பீரோவுக்குப் போனது. ஸ்பீக்கர் பாட்டுப் பாடும், அதுவும் போனது. பேட்டரியில்தான் வாதம் முற்றியது.

"அது பாவம், சும்மாதானே கெடக்கு?" என்றான் சங்கிலிமுத்து.

"சும்மா கெடக்கிறதுக்குப் பேரு வேலையா?" என்றான் பூமிராஜ்.

அதுவும் போனது. மிச்சமிருந்த பச்சை மதர்போர்டு பரமபத அட்டை மாதிரி இருந்ததால், விசாரணையே இல்லாமல் பீரோவுக்குப் போனது.

எட்டே முக்காலுக்குச் சங்கிலிமுத்து குளித்து, திருநீறு பூசி, வெறுங்கூட்டின் முன்னால் பயபக்தியோடு உட்கார்ந்தான். ஒன்பதே காலுக்குப் போன் வந்தது.

"எங்க இருக்கீங்க? மீட்டிங்ல ஆளையே காணோம்?"

"லேப்டாப் முன்னாடிதான் சார் இருக்கேன். விளையாட்டுச் சாமான் அத்தனையும் கழட்டியாச்சு. இப்ப இதுக்குள்ள வேலையைத் தவிர ஒண்ணுமே இல்ல சார்."

மேலாளர் மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் பதில் கேட்டபின், வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

சங்கிலிமுத்து அழுதேவிட்டான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

அடைக்கலம் தோளில் தட்டினான். "போனா போகுதுலே. இனி ஒனக்குத் தினமும் நல்ல நாள்தான். ஒக்காந்து கேம் ஆடு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பீரோவைத் திறக்கப் போனவனைப் பூமிராஜ் மறித்தான். "இருலே. வேலைதான் போயிட்டே. மொதல்ல வேலைச் சாமானைக் கழட்டி உள்ள வைப்போம்."

மூவருக்கும் அது நியாயமாகப் பட்டது. திரை, கீபோர்டு, மூடி எல்லாவற்றையும் பட்டு வேட்டிக்கு மேல் அடுக்கிப் பீரோவைப் பூட்டிவிட்டு, காலி மேசையைச் சுற்றி விளையாட உட்கார்ந்தார்கள். யார் முதலில் ஆடுவது என்பதில்தான் கொஞ்சம் தகராறு.