கரிச்சான் வரவழைத்த மழை

இலுப்பைக் காட்டில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, மாயாண்டி என்ற கரிச்சான் குருவிக்கு. கரடியின் சமையல்கூடத்தில் பொட்டலத்தை வாங்கி, சூடு ஆறுவதற்குள் முயல் வளையிலோ அணில் பொந்திலோ சேர்க்க வேண்டும். ஒரு நடைக்கு ஓர் அலகு நெல் கூலி. மழை பெய்தால் இரண்டு அலகு.

மாயாண்டிக்கு இன்னொரு வித்தையும் தெரியும். யார் குரலைக் கேட்டாலும் அச்சு அசலாகத் திருப்பிச் சொல்லும். எலி வீட்டு வாசலில் நின்று, "மியாவ்... பொட்டலம் வந்திருக்குங்க" என்று இழுக்கும். உள்ளே பாத்திரம் உருளும் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ரசிக்கும். எலி கோபத்தோடு, பொந்துக்குள்ளிருந்தே வேலையை மேற்பார்க்கும் மரங்கொத்தியிடம் புகார் கொடுத்தது. மாயாண்டி அன்றைக்கே பொந்துக்கு வெளியே நின்று, எலியின் குரலில் பேசிப் புகாரைத் திரும்ப வாங்கியது. கூடவே, "பையன் தங்கம்" என்று ஒரு சான்றிதழும் கொடுத்துவிட்டு வந்தது.

அந்த ஆடிக் காற்றில் மாயாண்டியின் கூடு பிய்ந்து போனது. மனைவி பவளம் முட்டையிடும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. தூக்கணாங்குருவியிடம் நல்ல கூடு ஒன்று விற்பனைக்கு இருந்தது. விலை ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய நெல். மூன்று நாளுக்குள் கொடுக்காவிட்டால் சில்லைக் குருவிக்குப் போய்விடும்.

மூன்று நாள் இறக்கை வலிக்கப் பறந்தாலும் அரைச் சிரட்டைதான் தேறும். மழை பெய்தால் கதையே வேறு. ஆனால் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

மாயாண்டி யோசித்தது. கூலியை முடிவு செய்வது மரங்கொத்தி. அது பொந்தை விட்டுத் தலையை வெளியே நீட்டியதே இல்லை. மழை வந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்கிறது? தவளைச் சத்தத்தை வைத்துத்தான். தவளை கத்தினால் மழை, மழை என்றால் இரட்டைக் கூலி. தவளைகளோ குளத்துச் சேற்றுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை மாயாண்டி தாழம்புதருக்குள் நுழைந்தது. சுற்றிலும் முள். உள்ளே போக ஒரே ஒரு சந்து. வசதியாக உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "க்ரொக்... க்ரொக்..." என்றது. தாத்தா தவளை மாதிரி கரகரத்தது. பேரன் தவளை மாதிரி கீச்சிட்டது. நடுவில் ஒரு குடும்பச் சண்டையையே நடத்திக் காட்டியது.

"அடேயப்பா, பேய் மழை போலிருக்கே. இன்னிக்கு எல்லாருக்கும் இரட்டைக் கூலி" என்றது மரங்கொத்தி.

சாப்பாடு வாங்கி இரட்டைக் கூலி கொடுக்க வேண்டியிருந்த அணில், வியர்வையைத் துடைத்துக்கொண்டு நியாயம் கேட்க வந்தது. மண்டையைப் பிளக்கிற வெயிலுக்கு மழைக் கூலியா என்று சத்தம் போட்டது. தவளை கத்தினால் மழைதான், நீ நனையாததற்கு நான் பொறுப்பாக முடியாது என்று மரங்கொத்தி உள்ளிருந்தே பதில் சொல்லி அனுப்பிவிட்டது.

மூன்றாம் நாள் மதியமே சிரட்டை நிறைந்தது. நேராகப் போய்க் கூட்டை வாங்கிவரச் சொன்னாள் பவளம். மாயாண்டியும் சிரட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. போன இடத்தில் தூக்கணாங்குருவி இன்னொரு கூட்டைக் காட்டியது. இரண்டு அறை, காற்றுக்கு ஆடாத கட்டு. இன்னும் நாலு அலகு நெல் போதுமாம்.

நாலு அலகுதானே, இரண்டு நடையில் வந்துவிடும் என்று கணக்குப் போட்ட மாயாண்டி, சிரட்டையோடு மறுபடி புதருக்குள் புகுந்தது. சிரட்டையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "க்ரொக்" என்றது.

"அப்படியே இன்னும் ரெண்டு தடவை கத்துங்க தவளை அண்ணே" என்றது ஒரு குரல். "எந்தப் பக்கம்னு சரியாப் பிடிபடலை."

சந்தில் சாரைப்பாம்பின் தலை தெரிந்தது. மூன்று நாளாகக் காதில் விழுந்த சத்தத்துக்கு நாக்கில் நீர் ஊறி வந்திருந்தது.

"நான் தவளை இல்லைங்க. கரிச்சான்" என்றது மாயாண்டி.

"எந்தத் தவளைதான் ஒத்துக்கிட்டிருக்கு? சரி, கரிச்சானாவே இரு. இவ்வளவு தூரம் வந்துட்டேன், வெறும் வயித்தோட திரும்ப முடியுமா?"

மேலே முள், முன்னே பாம்பு. மாயாண்டி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மயிலின் குரலில் ஓர் அகவல் அகவியது. காடே திரும்பிப் பார்த்தது. மயில் என்றால் பாம்புக்குக் குலை நடுங்கும். சாரை வந்த வழியே வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

மாயாண்டி சிரட்டையை இழுத்துக்கொண்டு வெளியே வந்து மூச்சு வாங்கியது. எதிரே, தோகை இல்லாத பெண் மயில் ஒன்று வெட்கத்தோடு நின்றுகொண்டிருந்தது.

"இப்ப என்னை ஆசையாக் கூப்பிட்டவரு எங்கே?" என்றது. பிறகு சிரட்டையைப் பார்த்தது. "ஐயே, சீர் எல்லாம் எதுக்கு? முறையான மனுசர்தான்."

மாயாண்டி வாய் திறப்பதற்குள் மயில் குனிந்துவிட்டது. நாலே கொத்து. சிரட்டை பளபளவென்று காலியானது.

புருஷனைத் தேடிப் பவளம் வந்து சேர்ந்தாள். காலிச் சிரட்டையைப் பார்த்தாள். அலகைத் துடைத்துக்கொண்டிருந்த மயிலைப் பார்த்தாள்.

"யார் இந்தம்மா?"

"கூப்பிட்டாக, வந்தேன்" என்றது மயில்.

"யார் கூப்பிட்டது?"

இதற்கு எந்தக் குரலில் பதில் சொல்வதென்று மாயாண்டிக்கு முதல்முறையாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே கூடு சில்லைக் குருவிக்குப் போனது. பவளம் ஒரு கிளைக்கவட்டில் நாலு சுள்ளியைப் பரப்பி முட்டையிட்டாள். மறுவாரம் நிஜ மழை கொட்டியது. நிஜத் தவளைகள் கத்தின. மரங்கொத்தி இரட்டைக் கூலி அறிவித்தது. காட்டில் இறக்கை இருந்த எல்லாரும் சம்பாதிக்கப் பறந்தார்கள். மாயாண்டி மட்டும் முட்டைகளுக்கு மேலே இறக்கையைக் குடையாக விரித்தபடி, சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு நின்றது.

பிறர் குரலை இரவல் வாங்கிப் பிழைப்பவனைத் தேடி, அந்தக் குரலுக்கு உரியவரின் பகையும் வரும், உறவும் வரும். இரண்டுக்கும் அவன்தான் விலை கொடுக்க வேண்டும்.