பேட்டரி அக்கா

வேலைச் சட்டையை ஊற வைப்பதற்கு முன்னால் பையைத் துழாவிப் பார்க்கணும். மரத்தூளோடு ஸ்க்ரூவும் கிடக்கும். அப்படியே முக்கினால் சட்டை முழுக்கத் துருக்கறை. ஒரு கையால் உதறி, ஒரு கையால் பொறுக்கி, நடுநடுவே கையைத் துடைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பெரிய கதை இல்லை. ஒரு மரவேலைப் பைக்குள் நடந்த கதை.

முன்பு ஒரு காலத்தில், அதாவது போன ஆடிக்கு முந்தின ஆடியில், இசக்கிராஜ் என்று ஒரு கார்பெண்டர் இருந்தார். அவர் பைக்குள் ஒயர் இல்லாத மிஷின்கள் மூன்று குடியிருந்தன. ஓட்டை போடுகிற டிரில், ஸ்க்ரூ முடுக்குகிற இம்பாக்ட், வளைத்து அறுக்கிற ஜிக்சா. மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பேட்டரி. யார் அடியில் மாட்டினாலும் அவனுக்கு உயிர் வந்துவிடும். மூன்று பேரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தப் பைக்குள் ஒருநாள் புதிதாக ஒரு கட்டர் வந்து இறங்கினான். பலகை அறுக்கிறவன். சிவப்புச் சட்டை, மேலெல்லாம் மினுமினுப்பு. கூடவே தனக்கென்று சொந்தமாக ஒரு பேட்டரியும் கொண்டுவந்திருந்தான்.

இசக்கிராஜுக்கு ஒரே சந்தோஷம். பழைய பேட்டரியிலும் இருபது வோல்ட் என்று போட்டிருந்தது, புதியதிலும் இருபது வோல்ட். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டார். கடையிலேயே ஒரு தடவை மாட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் கடைக்காரர் இலவசமாக, டிரில் மூக்கில் மாட்டுகிற பிட் ஒரு டப்பா கொடுத்தார். அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டார்.

“வாங்க மாப்பிள்ளை,” என்றது ஜிக்சா. “பயணமெல்லாம் சுகமா?”

“கொஞ்சம் தள்ளி உக்காருப்பா, பெயிண்ட் உரசுது,” என்றான் கட்டர். “நீங்க மூணு பேரும் ஒரே பேட்டரியையா வச்சிருக்கீங்க? ஒரே சட்டைய மூணு பேரு போடுற மாதிரில்ல இருக்கு!”

இம்பாக்டுக்குக் கோபம் வந்து உடம்பு அதிர்ந்தது. பேட்டரி அக்கா, “விடுல, புதுசா வந்த பிள்ள,” என்றாள்.

மறுநாள் வேலை, தையல் கடை பெனடிக்டா அக்கா வீட்டில். அவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இருபது நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வருகிறார். வாசலில் இரண்டு படி. அந்தப் படிமேல் பத்தடி நீளத்துக்கு மரத்தில் ஒரு சரிவுப் பலகை செய்து போடணும். நாற்காலியை அவரே கையால் தள்ளிக்கொண்டு ஏறுகிற மாதிரி இருக்கணும்.

அன்றைக்குப் பார்த்து, மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒன்பது மணிக்கே தெரு முழுக்க கரண்டை நிறுத்திவிட்டார்கள். இனி ஐந்து மணிக்குத்தான். சார்ஜர் சுவரோரம் சும்மா உட்கார்ந்திருந்தது.

“நான் இருக்கேன்ல,” என்று கட்டர் முதலில் இறங்கினான்.

இறங்கினவன் நல்லாத்தான் அறுத்தான். ஆனால் இசக்கிராஜ் ஒரு காரியம் செய்திருந்தார். கட்டரோடு வந்த புது பிளேடைக் கழற்றி, நல்ல வேலைக்கு ஆகட்டும் என்று வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, பழைய மொண்ணை பிளேடை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். மொண்ணை பிளேடு பலகையை அறுக்கவில்லை, மென்றது. கட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினான். புகை வந்தது. மதியச் சாப்பாடு முடிந்து வந்து ஒரு பலகை அறுக்கும்போது, பாதியில் “ங்ங்...” என்று முனகி நின்றுவிட்டான். அவனுடைய பேட்டரி காலி.

இன்னும் இரண்டு பலகை அறுக்க வேண்டியிருந்தது.

இசக்கிராஜ் பேட்டரி அக்காவை எடுத்துக் கட்டரில் சொருகிப் பார்த்தார். போகவில்லை. திருப்பிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார்.

“அக்கா, கொஞ்சம் உள்ள வாங்க,” என்றான் கட்டர். நேற்றைய குரல் இல்லை அது.

“வரத்தான் பாக்கேன், ராசா. எனக்கு நீட்டிக்கிட்டிருக்குற பல்லு ரெண்டு, உனக்குப் பள்ளம் மூணு. எப்படிச் சேரும்?”

இசக்கிராஜ் தலையில் அடித்துக்கொண்டார். அந்த நேரம் போன் அடித்தது. பெனடிக்டா அக்காதான்.

“ஏல இசக்கி, சரிவு முடிஞ்சிட்டா?”

“முடியப் போகுதுக்கா.”

“போகுதுன்னா? நான் இங்க துணிமணி எடுத்து வச்சாச்சு. நாலரைக்கு வந்துருவேன். இந்தா, என் மவன் சொல்லுதான், நாலு பேரு சேந்து தூக்கிருவோம்னு. நாலு பேரு தூக்கி வாசலத் தாண்டுறது ஒரு மனுஷிக்கு ஒரே ஒரு தடவதாம்ல. அத நான் இன்னைக்கு வச்சுக்கிட மாட்டேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கடைசியில் குரல் கொஞ்சம் இறங்கியது. இசக்கிராஜ் போனை வைத்துவிட்டு மணி பார்த்தார். மூன்று பத்து.

பேட்டரி அக்காவின் வயிற்றில் பொத்தானை அமுக்கினார். காலையில் நாலு விளக்கு எரிந்தது. அடிச்சட்டம் முடுக்கி முடித்ததில் இப்போது இரண்டு.

பைக்குள் சண்டை வந்துவிட்டது.

“நான் ஓட்டை போட்டாத்தான ஸ்க்ரூ ஏறும்? அக்கா முதல்ல என்கிட்ட வரணும்,” என்றான் டிரில்.

“ஸ்க்ரூ அறுபத்துநாலு இருக்கு. நீயே குடிச்சிட்டா நான் என்னத்த முடுக்க?” என்றான் இம்பாக்ட்.

“பலகையே அறுக்கல. காத்துலயா முடுக்கப் போற?” என்றது ஜிக்சா.

“எல்லாரும் வாய மூடுங்க,” என்றாள் பேட்டரி அக்கா. “ஜிக்சா, நீ மெல்லமாப் போற ஆளு. ஆனா உன் பிளேடு புதுசு. ரெண்டு பலகையும் நீ அறுத்திரு, அவசரப்படாத. டிரில், ஓரத்து ஓட்டை மட்டும் போடு, ஓரந்தான் பிளக்கும். நடுவுல நேராவே முடுக்கிரலாம். இம்பாக்டு, உனக்குத்தான் மிச்சம் எல்லாம். வீராப்பு காட்டி ஸ்க்ரூ தலைய உடைச்சேன்னு வையி, அந்த ஸ்க்ரூவுக்கு நான் வர மாட்டேன்.”

இசக்கிராஜ் காதில் இது விழுந்ததோ என்னவோ, அவரும் ஜிக்சாவைத்தான் எடுத்தார். அறுக்கும்போது பலகை ஆடியது. ஆடாமல் இருக்க, செத்துக் கிடந்த கட்டரைத் தூக்கிப் பலகை மேல் வைத்தார்.

“என்ன மாப்பிள்ள, என்ன செய்றீங்க?” என்று கேட்டது ஜிக்சா, அறுத்துக்கொண்டே.

“சும்மா கனமா இருக்கேன்,” என்றான் கட்டர்.

“நல்லா இருங்க, அசையாதீங்க. வந்ததுல இதான் உருப்படியான வேல.”

கட்டரே சிரித்துவிட்டான்.

அறுத்து முடித்தபோது ஒரு விளக்கு. ஓரத்து ஓட்டை முடிந்தபோது அந்த விளக்கும் சிமிட்ட ஆரம்பித்தது. இசக்கிராஜ் பெனடிக்டா அக்கா வீட்டுக் குளியலறையில் போய் துணி துவைக்கிற சோப்புத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் சோப்பில் குத்தி எடுத்து வைத்தார். சோப்பு தடவின ஸ்க்ரூ மரத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும், மிஷினுக்குப் பாதி பாரம் குறையும்.

“டர்ர்ர்ர்.” பத்து. இருபது. நாற்பது. ஸ்க்ரூ தலையே தெறிக்க முடுக்குகிற பலசாலி இம்பாக்ட், அன்றைக்குக் குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போடுகிற மாதிரி முடுக்கினான். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. அறுபதில் நின்றுவிட்டது.

“அக்கா?” என்றான்.

பேட்டரி அக்காவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. “ஒரு ரெண்டு நிமிசம்,” என்றாள் மெதுவாக. “என்னக் கழட்டி நிழல்ல வச்சாப் போதும். யாரும் ஒண்ணும் கேக்காதீங்க.”

இசக்கிராஜ் அவளைக் கழற்றி, தண்ணீர்க் குடம் பக்கத்தில் குளிர்ந்த சிமெண்ட் தரையில் வைத்தார். தெருமுனையில் கார் ஹாரன் கேட்டது. கார் வாசலுக்கே வந்து நின்றது. மகன் இறங்கி நாற்காலியை விரித்தான். பெனடிக்டா அக்காவைக் கைத்தாங்கலாக அதில் உட்கார வைத்தான். அதற்குமேல் இசக்கிராஜால் பொறுக்க முடியவில்லை. பேட்டரியை எடுத்து மாட்டினார்.

அறுபத்தொன்று. அறுபத்திரண்டு. அறுபத்து மூன்று. அறுபத்து நாலு. அதோடு சரி. கடைசி ஸ்க்ரூ இறங்கின இடத்திலேயே விளக்கு அணைந்தது.

“தள்ளி நில்லுல,” என்றார் பெனடிக்டா அக்கா. மகன் பிடிக்க வந்தான், கையைத் தட்டிவிட்டார். இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளினார். பாதியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். எதிர்வீட்டு அம்மா விசிலே அடித்துவிட்டார். மறுபடி தள்ளி, வாசல் நிலையைத் தாண்டி, உள்ளே தையல் மிஷின் பக்கத்தில் போய்த்தான் நின்றார்.

பைக்குள் ஒரே கொண்டாட்டம். “அறுபத்துநாலும் நான்,” என்றான் இம்பாக்ட். “பலகை யாரு?” என்றது ஜிக்சா. “ஓரம் பிளக்கல பாத்தியா?” என்றான் டிரில். “நான் அசையவே இல்ல,” என்றான் கட்டர்.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. சார்ஜர் கண் விழித்து, “வா, வந்து உக்காரு,” என்றது. பேட்டரி அக்காவைக் கூப்பிடுகிறவர்களில் அவளிடம் ஒன்றும் கேட்காதது அது மட்டும்தான். “நாலு விளக்கும் எரியிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

அவள் உட்கார்ந்தாள். முதல் விளக்கு எரிந்தது. இரண்டாவது மெல்லச் சிமிட்டியது. அவ்வளவு சுகமாக இருந்தது.

“அக்கா,” என்று டிரில் வந்து நின்றான். “பெனடிக்டா அக்காவுக்கு முகம் பாக்குற கண்ணாடி எட்டலயாம். நாற்காலி உயரத்துக்கு இறக்கி மாட்டணும். ரெண்டே ரெண்டு ஓட்டைதான்.”

“முடியாதுன்னு சொல்லு,” என்றது சார்ஜர். “ஒருநாளாவது சொல்லிப் பழகு.”

பேட்டரி அக்கா சிமிட்டுகிற விளக்கைப் பார்த்தாள். டிரில்லைப் பார்த்தாள். யோசித்து, ஒரு முடிவுக்கு வந்து, “தம்பி, இன்னைக்கு மட்டும் நான்—

“அம்மா, முடிஞ்சிருச்சு, கழுவி விட வா!” உள்ளே இருந்து சின்னவள் கூப்பிடுகிறாள். இன்னொரு தரம் கூப்பிட விட்டால் அவளே எழுந்து வந்துவிடுவாள், நான் போய் வந்து மிச்சத்தை—