பட்டன் டயரும் பின்சீட்டும்

“எந்த டயரப் போட்டா என் சம்சாரம் திரும்ப வண்டில ஏறுவா?”

திண்டுக்கல் பைபாஸ்ல இருக்கு மைமூன் டயர் கடை. எத்தனையோ பேரு எத்தனையோ கேட்டு வந்துருக்கானுக. இப்புடி ஒருத்தனும் கேட்டதில்ல.

கேட்டவரு பேரு வேதமாணிக்கம். வயசு நாப்பத்தேழு. தாலுகா ஆபீசு கிளார்க்கு. கழுத்துல ஐடி கார்டு, முழங்கால்ல ரேஸ்காரன் மாதிரி பேடு. ரெண்டும் ஒரே ஆளுதான், நம்புங்க.

மைமூனுக்கு அவர விட பதினஞ்சு வயசு கம்மி. ஆனாலும் வண்டிக்காரப் பயலுக அவள வாத்தியாரம்மான்னுதான் கூப்புடுவானுக. நாம ஒண்ணு கேட்டா அவ ஒண்ணு கேப்பா. அதனால.

“ஏண்ணே எறங்குனாங்க?”

“எறங்கலம்மா. விழுந்தா.”

போன மாசம் நல்ல மழ. ரவுண்டானாவுல திரும்புறப்ப வண்டி வழுக்கிருச்சு. இவருக்குப் பேடு இருந்துச்சு. சம்சாரம் சலோமிக்குச் சேல இருந்துச்சு. யாருக்கு முழங்கால் தோலு போச்சுன்னு நான் சொல்லணுமா?

“திட்டுனாங்களா?”

“திட்டிருந்தா பரவால்லயே. ஒண்ணுமே சொல்லல. மறுநாளு பஸ் பாஸ் எடுத்துட்டா.”

மைமூன் கையத் தொடச்சுக்கிட்டா.

“செம்பட்டிலருந்து தெனம் வர்றோம்மா. அவ தையல் ஸ்கூல் டீச்சர். ஒரே ரோடு, ஒரே நேரம். இப்ப அவ பஸ்ல முன்னால போறா, நான் வண்டில பின்னால போறேன். ஜன்னல் சீட்டுதான். திரும்பிக் கூட பாக்க மாட்டேங்குறா.”

“வீட்டுல பேச வேண்டியதுதானே?”

“வீட்டுல மூணு பிள்ளைக, ஒரு டிவி, எங்கம்மா. எங்க பேச? வண்டி ஒண்ணுதான் எங்களுக்குன்னு இருந்த எடம்.”

“அப்ப வண்டில நெறைய பேசிக்குவீங்க.”

“நான் பேசுவேன். அவ கம்முனு வருவா.”

“ம்,” ன்னா மைமூன்.

வண்டியப் பாத்தா. காட்டுலயும் போகும், ரோட்டுலயும் போகும்னு சொல்லி விக்கிற ஜாதி. முன் சக்கரம் இருவத்தொண்ணு இஞ்சு, பின் சக்கரம் பதினெட்டு. குதுர மாதிரி ஒசரம். பட்டன் டயரு, கட்ட கட்டையா ரப்பரு துருத்திக்கிட்டு நிக்கும்.

குந்தி ஒக்காந்து டயரத் தடவுனா. நடுவுல வழுக்க. ஓரம் அப்புடியே புதுசு.

வேதமாணிக்கம் தன் தலையத் தடவிக்கிட்டாரு. அவருக்கும் அதே கததான்.

புது டயரு ஓரத்துல ரப்பர் முடி நீட்டிக்கிட்டு இருக்கும். வண்டியச் சாய்ச்சு ஓட்டுனா அது தானா தேஞ்சு போகும். இங்க ஓரம் தேயவே இல்ல. ஆனா முடியக் காணோம்.

“பிளேடா, கத்திரியா?” ன்னு மைமூன் கேட்டா.

அவரு ரோட்டப் பாத்தாரு. வானத்தப் பாத்தாரு.

“நகவெட்டி,” ன்னாரு.

“எதுக்குண்ணே?”

“பைக் கிளப்புக்காரங்க போட்டோ எடுப்பாங்கம்மா. முடி இருந்தா ஓட்டத் தெரியாதவன்னு சிரிப்பாங்க.”

“இந்த டயரு போட்டு எங்க போனீங்க?”

“பனிமலைக்கி. அடுத்த வருஷம்.”

“போன வருஷம்?”

“அப்பயும் அடுத்த வருஷம்தான். ஆறு பேரு பிளான் போட்டோம். ஒருத்தருக்கு முதுகு வலி. ஒருத்தரு கனடா போயிட்டாரு. இப்ப நானும் வண்டியுந்தான்.”

நானா இருந்தா சிரிச்சிருப்பேன். மைமூன் சிரிக்கல.

“ஒருத்தன் ரெண்டு சக்கரத்தையும் பதினேழா மாத்துங்கறான். ஒருத்தன் ரிம்மு இருக்கட்டும், டயர மட்டும் மாத்துங்கறான். இன்னொருத்தன் பாதி ரோடு பாதி காடுன்னு ஒரு டயர் இருக்குங்கறான். எதும்மா சரி?”

மைமூன் கைய நீட்டுனா. “சாவி.”

“ஓட்டிப் பாக்குறியா?”

“ஏறுங்க.”

“நானா? பின்னாலயா?”

“பேடக் கழட்டிட்டு.”

கழட்டுனாரு. ஒரு குதி குதிச்சாரு, எட்டல. ரெண்டாவது குதில ஐடி கார்டு சைலன்சர்ல மாட்டுச்சு. மூணாவதுல ஏறிட்டாரு.

“அவங்க எப்புடி ஒக்காருவாங்க?”

“ஒருபக்கமா. சேல கட்டிருப்பால்ல.”

“அப்ப அப்புடியே ஒக்காருங்க.”

எதுத்த டீக்கடைல லாரி டிரைவர் ஒருத்தரு டீ கிளாச வாய்கிட்ட வச்சபடியே நின்னுட்டாரு. துப்பட்டாவ இறுக்கிக் கட்டிக்கிட்டு மைமூன் வண்டிய எடுத்தா. பின்னால தாலுகா ஆபீசு, ரெண்டு காலையும் ஒரே பக்கம் போட்டுக்கிட்டு.

வேகம் முப்பதுதான். டயரு தாரு ரோட்டுல ஊம்ம்ம்னு ஒறுமுது. மாவு மில்லுக்குள்ள ஒக்காந்த மாதிரி.

“மெதுவாம்மா!”

காதுல விழல.

“பிடிக்க ஒண்ணுமில்லம்மா!”

அதுவும் விழல.

ரோட்டு நடுவுல இருக்குற அரளிச் செடிக்கு லாரித் தண்ணி ஊத்திட்டுப் போயிருந்தாங்க. ரவுண்டானா பூரா ஈரம். மைமூன் லேசாச் சாய்ச்சா. பின் டயரு ஒரு கொட்டப்பாக்கு அளவு நகந்துச்சு.

“கர்த்தரே!” ன்னு கத்துனாரு. கர்த்தருக்குக் கேட்டுச்சோ என்னமோ. மைமூனுக்குக் கேக்கல.

கடைக்கித் திரும்பி வந்து எறங்குனாரு. காத்தடிக்கிற மெசினப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.

“எத்தன தடவ கூப்புட்டேன்! காதுலயே வாங்கலியே நீ?”

“இந்தச் சத்தத்துலயா?” ன்னா மைமூன்.

வண்டியோட பின்சீட்டப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.

“வண்டி வாங்கி மூணு வருஷம்,” ன்னாரு.

மைமூன் ஸ்பேனர எடுத்தா.

“ரெண்டும் பதினேழு. ரோட்டு டயரு. ரிம்ம மாத்தி கம்பி கோக்க மூணு நாளாகும். சீட்டு ரெண்டு வெரக்கட எறங்கும். மீட்டரு அறுபது காட்டுறப்ப நீங்க அம்பத்திரெண்டுலதான் போவீங்க.”

“மீட்டரு பொய் சொல்லுமா?”

“பனிமலைக்கி அடுத்த வருஷம்னு நீங்க சொன்னதுக்கு அது கம்மிதாண்ணே.”

“அந்தப் பழைய ரிம்மு?”

சொவத்துல இருந்த ஆணியக் காட்டுனா. “இங்க கெடக்கட்டும். சோறா கேக்கப் போகுது?”

மறுநாளு வேதமாணிக்கம் வந்தாரு. கைல ஒரு சாக்கு. மைமூன் ஒண்ணும் கொண்டாரச் சொல்லல. சாக்க அவுத்தாரு. உள்ள சக்கரத்துல சேல சிக்காமத் தடுக்குற சேல கார்டு, ஒருபக்கமா ஒக்காந்தா கால் வைக்கிற படி, பிடிக்கிற கம்பி. வண்டி வாங்குன வாரமே கழட்டிப் பரண்ல போட்டதாம். துரு கூட ஏறல.

“போட்டோவுல நல்லா இல்லன்னு...” ன்னு ஆரம்பிச்சாரு.

“போல்ட்டு இருக்கா?” ன்னா மைமூன்.

மூணு நாளு கழிச்சு, செம்பட்டி பஸ் ஸ்டாப்பு. பஸ்ஸுக்கு ஒரு நிமிசம் முன்னால வண்டி வந்து நின்னுச்சு. முழங்கால்ல பேடு இல்ல. கைல இன்னொரு ஹெல்மெட்டு.

சலோமி அவரப் பாக்கல. சேல கார்டப் பாத்தா. குனிஞ்சு டயரப் பாத்தா.

பஸ்ஸு வந்துச்சு. போச்சு.

வண்டிப் படில கால வச்சு ஒரே ஏத்துல ஏறி ஒக்காந்தா.

வண்டி கெளம்புச்சு. ஒறுமல் இல்ல. காத்து மட்டும். அவரும் வாயத் தொறக்கல. ரெண்டு கிலோமீட்டரு அப்புடியே போச்சு.

“ஏங்க.”

“சொல்லு.”

பின்னால சத்தத்தையே காணோம். அந்தச் சீட்டுலருந்து கூப்புட்டு பதிலு வந்தது அதான் மொத தடவ. பயந்துட்டா போல.

“கேக்குதா?”

“நல்லா கேக்குது.”

“அந்தப் பனிமலைக்கி நானும் வரவா, நானும் வரவான்னு மூணு வருஷமா கேட்டுக்கிட்டே வர்றேன். பிடிக்கலன்னா பிடிக்கலன்னு வாயத் தொறந்து சொல்லலாம்ல?”

வண்டி ஒரு புளியமரத்தடில ஓரங்கட்டுச்சு.

அன்னைக்கி தாலுகா ஆபீசுல ஒரு நாற்காலி பதினோரு மணி வரைக்கும் காலி. தையல் ஸ்கூல்லயும் ஒண்ணு.